வயதானவர் விழுந்துவிட்டால்: வீட்டாருக்கான பராமரிப்பு முறை

மழைக்காலத்தில் களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்து ரப்பர் விளைகளில் பாதையெல்லாம் பாசி. வழுக்கி விழும் வயதானவர்கள் பெரும்பாலும் "ஒன்றுமில்லை, தூக்கிவிடு" என்பார்கள். செவிலியராகச் சொல்கிறேன், அதை நம்பிவிடாதீர்கள். முதுமையில் பெரிய காயம்கூட வெளியே தெரியாமல் இருக்கும்.

படி 1: உடனே தூக்காதீர்கள்
"பாட்டா, எங்கே வலிக்கிறது?" என்று கேளுங்கள். கழுத்து வலித்தாலோ கைகால் மரத்திருந்தாலோ தலையை அசைய விடக்கூடாது. ஒரு கால் குட்டையாகி வெளிப்புறம் திரும்பிக் கிடந்தால், இடுப்பு மூட்டருகே தொடை எலும்பு முறிந்திருக்கலாம். எண்ணெய் போட்டுத் தடவவே வேண்டாம். 108-ஐ அழையுங்கள்; தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே எண்தான். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் காப்பிகூடக் கொடுக்காதீர்கள். போர்வை போர்த்துங்கள்.

படி 2: மாத்திரைகளைச் சேகரித்து எடுத்துச் செல்லுங்கள்
நான் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், குளோபிடோகிரெல், ஆஸ்பிரின் சாப்பிடுபவருக்குத் தலையில் பட்ட சிறு அடியும் உள்ளே இரத்தக் கசிவாகலாம். இதயத் துடிப்பைக் குறைக்கும் அட்டெனலால், மெட்டோபுரோலால் சாப்பிடுபவருக்கு இரத்தம் இழந்தாலும் நாடி வேகமெடுக்காமல் இருக்கலாம். 65 வயதைக் கடந்தவருக்கு இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 110-க்குக் கீழே இறங்குவதே அபாயக் குறி. வழக்கமாக 150 இருப்பவருக்கு 115 கூட நல்லதல்ல. அந்த வழக்கமான அளவைச் சொல்ல வீட்டாரால்தான் முடியும். இதய வைத்தியம் திருவனந்தபுரத்தில், அவசரத்துக்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று இருப்பவர்கள் இங்கே ஏராளம். திருவனந்தபுரத்தில் கொடுத்த மருந்துச் சீட்டையும் மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள்.

படி 3: வீடு திரும்பிய பிறகு
படுக்கையிலேயே இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். எப்படிப் புரட்டுவது என்பதை மருத்துவமனையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். குதிகாலிலும் முதுகின் அடியிலும் அழுத்தினால் மறையாத சிவப்பு தெரிந்தால் படுக்கைப்புண் தொடங்குகிறது என்று பொருள். விலா எலும்பு முறிந்திருந்தால், வலி மாத்திரையை நேரத்துக்குக் கொடுத்து, தலையணையை நெஞ்சோடு அணைத்தபடி ஆழமாக மூச்சிழுத்து இருமச் சொல்லுங்கள். வலிக்குப் பயந்து மூச்சை அடக்கினால் சளி தேங்கி நிமோனியா வரலாம்.

திடீரென்று பேச்சு குழம்பினால் வயது என்று ஒதுக்காதீர்கள். வலி, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், நீர் வற்றுதல், கிருமித்தொற்று என்று ஏதோ காரணம் இருக்கும்; அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

தலையில் அடிபட்டவரைச் சில வாரங்கள் கவனியுங்கள். தலைவலி கூடினாலோ, பகலிலும் தூங்கி வழிந்தாலோ, ஒரு பக்கக் கை தளர்ந்தாலோ, முதலில் எடுத்த ஸ்கேன் நன்றாக இருந்திருந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.