மரக் கெண்டிக்கு மூக்கு பொருத்தியது

அலமாரியில் அழகுக்கு வைக்க வெட்பாலை மரத்தில் ஒரு தேநீர்க் கெண்டி கடைந்தேன். உடலும் மூடியும் கடைசலிலேயே நன்றாக வந்துவிட்டன. தனியாகச் செதுக்கி ஒட்டிய மூக்குதான் படுத்தியது. உருண்டை உடலில் தட்டையான அடி எப்படி உட்காரும்? ஓரமெல்லாம் நகம் நுழையும் இடைவெளி. பசையில் மரத்தூள் குழைத்து அடைத்தேன்; காய்ந்ததும் கறுப்புக் கோடாகத் தெரிந்தது. கழற்றும்போது நுனியும் முறிந்தது, மரத்தின் நார் ஓடும் ரேகை குறுக்கே இருந்ததால்.

சரி என்று, ரேகை நீளவாக்கில் வருமாறு புதிய மூக்கு செதுக்கினேன். அப்புறம் 80ஆம் எண் உப்புத்தாளைச் சொரசொரப்பு வெளியே இருக்கும்படி, மூக்கு உட்காரும் இடத்திலேயே உடலோடு ஒட்டி, மூக்கின் அடியை அதன்மேல் தேய்த்தேன். அரை மணி நேரத்தில் அடி அதே வளைவுக்குக் குழிந்துவிட்டது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒரு கீற்றுகூடத் தெரியவில்லை. நடுவில் சின்ன மூங்கில் ஆணி, கொஞ்சம் பசை, அவ்வளவுதான்.