கொள்ளுத்தாத்தா எந்தச் சங்கத்தில் இருந்தார்? காவிரிப் படுகைக் குடும்பங்களுக்கான தேடல் வழிமுறை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தஞ்சாவூர், கும்பகோணம், நாகப்பட்டினம், திருச்சிராப்பள்ளி ஆகிய ஊர்களில் வாழ்ந்த வக்கீல்கள், தாசில்தார்கள், டாக்டர்கள், ரயில்வே ஊழியர்கள் ஆகியோரில் சிலர் ஃப்ரீமேசன் லாட்ஜ் (ஃப்ரீமேசன் எனும் சகோதரத்துவ அமைப்பின் உள்ளூர்க் கிளை), பிரம்மஞான சபை (தியோசாபிகல் சொசைட்டி), தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகளில் உறுப்பினராக இருந்தனர். ஃப்ரீமேசன் தொடர்பு இப்பகுதிக்கு இன்னும் பழையது. ஆற்காட்டு நவாபின் மூத்த மகன் உம்தத்-உல்-உமரா 1770களிலேயே திருச்சிராப்பள்ளியில் அதில் சேர்த்துக்கொள்ளப்பட்டார்.

முதலில் வீட்டுப் பரணையும் பழைய டிரங்குப் பெட்டியையும் பாருங்கள். மூலைமட்டமும் கவராயமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொறித்த பதக்கம், வெள்ளைத் தோலாலான ஏப்ரன், முத்திரையிட்ட சான்றிதழ் ஆகியவை ஃப்ரீமேசன் அடையாளங்கள். பதக்கத்தைத் தேய்த்துத் துலக்க வேண்டாம்; அதன் பின்புறத்தில் லாட்ஜின் பெயரும் எண்ணும் இருக்கக்கூடும், அவை அழிந்துவிட்டால் மீட்க வழியில்லை. ஒரே பெயரில் பல லாட்ஜுகள் இருந்ததால் எண்தான் கூடுதல் பயன் தரும். ஆனால் இந்தியாவிலும் லாட்ஜுகளைக் கொண்டிருந்த இங்கிலாந்தின் தலைமை லாட்ஜ் 1863-இல் தன் லாட்ஜுகளுக்கு எண்களை மாற்றி அமைத்ததால், அதற்கு முந்தைய பொருளில் உள்ள எண்ணை ஜான் லேன் தொகுத்த லாட்ஜ் பட்டியலுடன் ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும். அப்பட்டியலை இணையத்தில் ஊர் வாரியாகத் தேடலாம்.

அடுத்து, அவருடைய வாழ்க்கையை ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெயர், முன்னெழுத்துகள், தோராயமான பிறந்த ஆண்டு, வேலை, மாற்றலாகிப் போன ஊர்கள் என அனைத்தும் வேண்டும். நம் படுகைக் குடும்பங்களுக்கு இந்தத் தாள்தான் உயிர்நாடி என்பது என் கருத்து. ஏனெனில் பழைய ஆங்கிலப் பதிவேடுகளில் பிள்ளை, ஐயர், முதலியார் போன்ற பட்டங்களே குடும்பப் பெயராகப் பதிவாகியிருக்கும். அவற்றை மட்டும் கொண்டு தேடினால் நூற்றுக்கணக்கானோர் வந்து நிற்பார்கள். ஊரைக் கொண்டு லாட்ஜைக் கண்டுபிடித்து, அதன் பதிவேட்டை வரிவரியாகப் படிப்பதே நம்பகமான வழி. தஞ்சாவூரை டாஞ்சூர் என்றும், திருச்சியை டிரிச்சினாபோலி என்றும், மயிலாடுதுறையை மாயவரம் என்றும் எழுதிய காலம் அது. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிப் பினாங்குக்கோ ரங்கூனுக்கோ போனவராயின், அங்குள்ள லாட்ஜுகளையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவதாகப் பதிவேடுகள். இங்கிலாந்துத் தலைமை லாட்ஜின் 1751 முதல் 1921 வரையிலான உறுப்பினர் பதிவேடுகள் ஆன்செஸ்ட்ரி (Ancestry) என்னும் குடும்ப வரலாற்று இணையதளத்தில் உள்ளன; அதன் கீழ் இயங்கிய இந்திய லாட்ஜுகளும் அவற்றில் அடங்கும். பெயர், வயது, தொழில், இருப்பிடம், சேர்ந்த நாள் ஆகியவற்றை அங்கே காணலாம். ஸ்காட்லாந்து, அயர்லாந்து தலைமை லாட்ஜுகளின் கீழும் இந்தியாவில் லாட்ஜுகள் இயங்கின. அவற்றுக்கு முறையே எடின்பரோவுக்கும் டப்ளினுக்கும் எழுத வேண்டும். இந்தியத் தலைமை லாட்ஜ் 1961-இல் தொடங்கியது. அதற்குப் பிந்தைய விவரங்களுக்குச் சென்னையிலுள்ள தென்னிந்திய மண்டலத் தலைமை லாட்ஜை அணுகலாம்.

லாட்ஜில் பெயர் இல்லாவிட்டால் தேடல் முடிந்துவிடாது. 1882 முதல் அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபை உறுப்பினர்களுக்குப் பட்டயம் வழங்கியது. கிளைகளின் செய்திகளை அதன் ஆங்கில மாத இதழில் தேடலாம். பெண்களையும் அச்சபை சேர்த்துக்கொண்டது என்பதால் பாட்டிமாரின் பெயரையும் விடாமல் தேடுங்கள். தஞ்சையில் 1911-இல் தோன்றிய கரந்தைத் தமிழ்ச் சங்கம் 1925 முதல் 'தமிழ்ப் பொழில்' இதழை வெளியிட்டது. தமிழாசிரியர், புலவர் குடும்பத்தினர் அங்கிருந்து தொடங்குவதே நல்லது.

பெயர் கிடைத்ததும் அவரே இவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வயது, தொழில், ஊர் ஆகிய மூன்றும் உங்கள் தாளோடு பொருந்த வேண்டும். குழுப் புகைப்படத்தில் நிற்பவர் விருந்தினராகவும் இருந்திருக்கலாம்; பதிவேட்டு வரியோ சான்றிதழோதான் உறுப்பினர் என்பதற்குச் சான்று. அலுவலகங்களுக்குக் கடிதம் எழுதும்போது அந்தத் தாளின் படியையும், பதக்கத்தின் இருபுறப் படங்களையும் இணைத்து, எந்தப் பத்தாண்டில் தேட வேண்டும் என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.