முல்லைத்தீவுக் கடலுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: ஒரு நாளை எப்படிப் பிரிப்பது

இலங்கையின் வடக்கே, வன்னியின் கிழக்குக் கரையில் இருக்கிறது முல்லைத்தீவு. ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் நந்திக்கடல் என்கிற களப்பு, அதாவது கடலோர உப்புநீர்க் காயல். இரண்டையும் ஒரே நாளில் ஆற அமரப் பார்க்கலாம். ஆனால் வெயிலையும் காற்றையும் கேட்டுத்தான் நாளைப் பிரிக்க வேண்டும். உச்சி வெயிலில் வந்திறங்கினால் மணலில் கால் வைக்க முடியாது, அப்புறம் அரை மணி நேரத்தில் திரும்பிவிடத் தோன்றும். இவ்வளவு அழகான கரையை அப்படிப் பார்க்கக்கூடாது.

1. மாதம்

ஐப்பசி முதல் மார்கழி வரை மழையும் வாடைக்காற்றும், கடல் கொந்தளிக்கும். கடலில் இறங்க ஆசையென்றால் சித்திரை முதல் ஆவணி வரை நல்லது. பறவைகளுக்காகப் போகிறவர்கள் தை, மாசியில் போங்கள்.

2. வழி

கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதியில் மாங்குளத்தில் திரும்பினால் ஒட்டுசுட்டான், முள்ளியவளை ஊடாக ஏறத்தாழ 50 கிலோமீற்றர். ரயிலில் வருபவர்கள் மாங்குளத்தில் இறங்கி பஸ் பிடிக்கலாம். யாழ்ப்பாணப் பக்கத்தவர்களுக்குப் பரந்தன், புதுக்குடியிருப்பு வழி. முடிந்தால் முதல் நாள் இரவே வந்து தங்கிவிடுங்கள். சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும்புகிற கரை இது, விடியுமுன் அங்கே நிற்க வேண்டும்.

3. காலை: கரைவலை

இந்தப் பயணத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். வள்ளம் வலையை அரைவட்டமாகக் கடலில் விட்டு வரும். இரண்டு நுனிக் கயிறுகளையும் கரையில் இரண்டு கூட்டமாக நின்று இழுப்பார்கள். வலை நெருங்க நெருங்க இரு கூட்டமும் ஒன்றையொன்று நோக்கி நகரும். கடைசியில் மடி, அதாவது மீன் சேரும் வலைப்பை, கரையேறும்போது சூடையும் நெத்தலியும் துள்ளும்.

பார்க்கப் போனால் சில முறைகள் உண்டு. கயிற்றைத் தாண்டி நடக்காதீர்கள். வலை வளைத்த இடத்தில் குளிக்காதீர்கள். படம் எடுக்குமுன் "அண்ணை, எடுக்கலாமோ?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கயிற்றில் கை வைக்கவும் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். மீன் வேண்டுமென்றால் அங்கேயே வாங்குங்கள். உழைத்தவர் கையிலேயே காசு சேரும்.

4. குளிப்பு

எங்கே இறங்கலாம் என்று வாடியில் (கரையில் மீனவர் தங்கும் கொட்டிலில்) இருப்பவர்களிடம் கேட்ட பிறகே இறங்குங்கள். சில இடங்களில் நாலு அடி வைத்ததும் கடல் சட்டென்று ஆழமாகும். இடுப்பளவுத் தண்ணீருக்கு மேல் வேண்டாம். நீரோட்டம் இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைக்காதீர்கள்; கரைக்குச் சமாந்தரமாக நீந்தி, இழுவை விட்டதும் கரைக்குத் திரும்புங்கள். பிள்ளைகளைக் கைக்கெட்டும் தூரத்திலேயே வைத்திருங்கள். ஒன்பது மணிக்குப் பிறகு வெயில் ஏறிவிடும், கரையேறிவிடுங்கள்.

5. மதியம்

நிழல் தேடி வற்றாப்பளைக்குப் போங்கள். நந்திக்கடல் ஓரமாக இருக்கிற கண்ணகி அம்மன் கோயில் அது. கடல்நீரில் விளக்கெரிக்கும் வைகாசிப் பொங்கலுக்கு வன்னி முழுவதும் திரளும். மற்ற நாட்களில் மர நிழலில் அமைதியாக இருக்கலாம். தண்ணீர்ப் போத்தல், தொப்பி, கோயிலுக்கேற்ற உடை கட்டாயம்.

6. மாலை: நந்திக்கடல்

நாலு மணிக்குப் பிறகு வட்டுவாகல் பாலத்தடிக்கு வாருங்கள். ஆழம் குறைந்த நீர் என்பதால் கொக்கும் நாரையும் கூழைக்கடாவும் நடுவிலேயே நின்று மேயும். இரைச்சலில்லாமல் தூர நின்று பாருங்கள், பைனாகுலர் இருந்தால் இன்னும் நல்லது. கடும் மழைக்காலத்தில் பாலத்துக்கு மேலாலும் வெள்ளம் பாயும், அப்போது போகவேண்டாம்.

பாலத்துக்கு அப்பால் முள்ளிவாய்க்கால். 2009 இல் போரின் கடைசி நாட்களில் எண்ணற்ற எங்கள் சனம் மாண்ட மண். அங்கே பாட்டுப் போட்டுக் கூத்தடிக்க வேண்டாம். மே 18 அன்று வந்தால் நினைவேந்தலில் நின்று, கொடுக்கிற கஞ்சியை வாங்கிக் குடியுங்கள். ஆளற்ற பற்றைக்காடுகளுக்குள் புதுப்பாதை தேடாதீர்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால் வந்த வழியே திரும்புங்கள்.

7. இன்னொரு நாள் இருந்தால்

தெற்கே அளம்பில், செம்மலை தாண்டி நாயாறு. களப்பு கடலோடு சேரும் முகத்துவாரத்தைப் பாலத்திலிருந்தே பார்க்கலாம். அங்கே குளிக்க மட்டும் இறங்காதீர்கள், நீரோட்டம் கடுமை. இன்னும் தெற்கே போனால் கொக்கிளாய், பறவைகள் சரணாலயம். சாப்பாட்டையும் தண்ணீரையும் முல்லைத்தீவிலேயே வாங்கிக்கொண்டு புறப்படுங்கள்; வெறும் பொலித்தீனையும் போத்தல்களையும் திரும்பக் கொண்டுவர ஒரு பை வையுங்கள்.