ஆபரேஷனுக்கு முன் பூசும் மருந்தால் தோல் பொள்ளாமல் இருக்க

களியக்காவிளை தாண்டி பாறசாலை, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் என்று ஆபரேஷனுக்குப் போய்வரும் குடும்பங்கள் நம் பக்கம் ஏராளம். வீடு திரும்பியதும் இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து கொப்புளித்திருந்தால் படுக்கைப் புண் என்றோ சூட்டுக் கொப்புளம் என்றோ விட்டுவிடுகிறார்கள். ஆபரேஷன் தியேட்டரில் கிருமியைக் கொல்லப் பூசிய பீட்டாடினோ (அயோடின் கலந்த மருந்து), ஸ்பிரிட் கலந்த குளோர்ஹெக்சிடினோ வழிந்து தேங்கியதாலும் அது வந்திருக்கலாம்.

பூசிய இடத்திலேயே காய்ந்துவிட்டால் பீட்டாடின் பெரும்பாலும் தொந்தரவு செய்வதில்லை. முதுகுக்கும் விரிப்புக்கும் நடுவே போய் மாட்டிக்கொண்டால்தான் ஆபத்து. அங்கே காற்றில்லை, உடம்பின் பாரமும் சூடும் சேர்ந்து அழுத்த, ஈரம் மணிக்கணக்கில் தோலை அரிக்கும். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போனவருக்கு எரிச்சலும் தெரியாது. அதனால்தான் தாராளமாக ஊற்றிப் பூசுவதைப் பெரிய தவறு என்கிறேன். பஞ்சு நனைந்தால் போதும், சொட்டக் கூடாது. பக்கவாட்டில் துணி வைத்துப் பூச வேண்டும், நனைந்த துணியை உருவிவிட்டுத்தான் மேல்துணி மூட வேண்டும். கை கால் ஆபரேஷனில் ரத்தத்தை நிறுத்தக் கட்டும் பட்டைக்கு அடியில் ஈரம் இறங்கினாலும் இதே கதிதான்.

ஸ்பிரிட் கலந்தது என்றால் அவசரம் இன்னும் கெடுதல். முடியில்லாத தோலில் குறைந்தது 3 நிமிடம் தானாகக் காய வேண்டும். முடி உள்ள இடத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். காயுமுன் காட்டரி (ரத்தக்கசிவை நிறுத்த மின்சாரத்தால் சுடும் கருவி) வைத்தால் பொறி பட்டுத் தீயே பிடிக்கும். குறைமாதக் குழந்தையின் தோல் முற்றாதது. அதற்கு ஸ்பிரிட் மருந்து சிறிதளவு பட்டாலே பொள்ளிவிடும்.

வீட்டில் செய்யும் தவறு, முந்தின இரவே பிளேடால் மழித்துக்கொண்டு போவது. கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் மருந்து எரிக்கும், கிருமியும் நுழையும். முடி எடுத்தே ஆகவேண்டுமென்றால் ஆஸ்பத்திரியில் கிளிப்பரால் (தோலைக் கீறாமல் முடியை வெட்டும் மெஷின்) எடுப்பார்கள்.

குளச்சல் இறால் தின்றால் தடிக்கும் என்பதால் பீட்டாடினும் ஆகாது என்று சொல்லிவிடாதீர்கள். இறால் ஒவ்வாமை அதன் புரதத்தால் வருவது, அயோடினால் அல்ல. முன்பு எந்த மருந்து பூசி அரித்தது, தடித்தது என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

வார்டுக்கு வந்ததும் நர்ஸிடம், "முதுகுப் பக்கம் ஈரம் இருக்கா, கொஞ்சம் திருப்பிப் பாருங்க சிஸ்டர்" என்று கேளுங்கள். தமிழ் புரியாவிட்டால் கையால் காட்டினாலும் போதும். ஒட்டியிருக்கும் மருந்தைத் துடைத்து எடுப்பார்கள். சிவப்போ கொப்புளமோ தெரிந்தால் தேங்காயெண்ணெய், மஞ்சள் எதுவும் தடவாமல், கொப்புளத்தை உடைக்காமல், அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.