பொன்னிறக் கோட்டிங்கில் லேசர்: ஒரு பல்ஸிலிருந்து தொடங்குங்கள்

எஃகின் மேல் பொன்னாக மின்னும் டைட்டானியம் நைட்ரைடு கோட்டிங்கின் தடிமன் பெரும்பாலும் 2 முதல் 4 மைக்ரான்தான். லேசரால் அதில் நிறமோ சிறு குழியோ போடப் போன முதன்முறை, நான் அவசரத்தில் சக்தியை ஏற்றிவிட்டு ஒரு வரிசை முழுக்க உரித்தெடுத்தேன். அடியில் எஃகு பல்லை இளித்தது. அன்றிலிருந்து புதுத் துண்டு எது வந்தாலும் முதலில் ஒரு பல்ஸ் (லேசரின் ஒரே ஒரு ஒளித்துடிப்பு), ஒரு புள்ளிதான்.

துண்டை ஆல்கஹாலால் துடையுங்கள். புகையுறிஞ்சியை ஓடவிடுங்கள். இந்த லேசரின் 1064 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, அந்த அலைநீளத்துக்கென்றே செய்த கண்ணாடி இல்லாமல் கிட்டே போகாதீர்கள்.

அப்புறம் பத்து வேறு ஆற்றல்களில், ஒவ்வொன்றுக்கும் ஐந்து புள்ளிகள் அடியுங்கள். மைக்ராஸ்கோப்பில் விட்டத்தை அளந்து, அதன் வர்க்கத்தை ஆற்றலின் இயல் மடக்கைக்கு (ln) எதிரே வரையுங்கள். நேர்கோடு வரும். விட்டம் பூஜ்யமாகும் இடம்தான் சேதம் தொடங்கும் ஆற்றல். சாய்வைப் பாதியாக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஸ்பாட்டின், அதாவது துண்டின் மேல் லேசர் ஒளி குவியும் வட்டத்தின், ஆரம் கிடைக்கும். கேட்டலாக்கில் போட்டிருக்கும் ஸ்பாட் அளவை நான் நம்புவதே இல்லை. ஆரம் 25 மைக்ரான், பல்ஸ் 10 மைக்ரோஜூல் என்றால் நடுவில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 ஜூல். ஒரே இடத்தில் பல பல்ஸ் விழுந்தால் சேதம் தொடங்கும் எல்லை இன்னும் இறங்கும்.

பல்ஸ் எவ்வளவு நேரம் நீள வேண்டும்? 10 நானோசெகண்டில் வெப்பம் எஃகில் அரை மைக்ரான் அளவுக்கு இறங்கும். ஆயிரம் மடங்கு குறுகிய 10 பிகோசெகண்டில் பத்துப் பதினைந்து நானோமீட்டரோடு சரி. நானோசெகண்டில் மேற்பரப்பு உருகி, ஆறும்போது சுருங்கி, வலைபோல விரிசல் விடும். காற்றில் ஆக்சைடு படிந்து பொன் ஊதாவாகும். நிறம்தான் வேண்டுமென்றால் அது போதும். எண்ணெய் தங்கும் சிறு குழிகள் வேண்டுமென்றால் பிகோசெகண்டுக்குப் போங்கள்.

வேகத்தையும் கணக்குப் போடுங்கள். 20 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 20,000 பல்ஸ்), லேசர் நகரும் வேகம் நொடிக்கு 200 மில்லிமீட்டர் என்றால் பல்ஸுக்குப் பல்ஸ் 10 மைக்ரான். அதாவது 50 மைக்ரான் ஸ்பாட்டில் ஒவ்வொரு இடமும் ஐந்து அடி வாங்கும்.

கடைசியில் துண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். மேலே தெரியும் நிறம் ஏமாற்றும். வெட்டும் முன் நிக்கல் முலாம் பூசிவிடுங்கள். இல்லையென்றால் பாலிஷ் போடும்போதே ஓரம் உதிர்ந்து, விரிசல் லேசர் போட்டதா நாம் போட்டதா என்று தெரியாமல் முழிப்போம்.