கேன்வாஸைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்

கேன்வாஸ் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அளவைச் சொல்வார்கள், விலையைக் கேட்பார்கள், வெள்ளைப் பரப்பில் அழுக்குப் பட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதோடு சரி. ஆனால் வெள்ளைப் பூச்சு ஏறிவிட்டால் நல்ல துணியும் மட்டத் துணியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். துணி எது, அதை இழுத்துக்கட்டிய சட்டத்தின் கட்டை எப்படி, மூலையை எதைக்கொண்டு பூட்டியிருக்கிறார்கள் என்பதெல்லாம் பின்பக்கம்தான் தெரியும்.

ஜிஎஸ்எம் எண்ணை மட்டும் நம்புவது

லேபிளில் 380 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) என்று போட்டிருந்தால் கனத்த துணி என்று எடுத்துவிடுகிறோம். அது வெறும் துணியின் எடையா, பூச்சும் சேர்ந்த எடையா என்று கேளுங்கள். 250 ஜிஎஸ்எம் துணியில் பூச்சைக் கனமாக ஏற்றினாலும் 380 வந்துவிடும். அவுன்ஸில் (ஒரு சதுர கெஜத்துக்கு) குறித்திருந்தால் 7 அவுன்ஸ் என்பது ஏறக்குறைய 240 ஜிஎஸ்எம், 10 அவுன்ஸ் 340, 12 அவுன்ஸ் 400. பயிற்சிக்கும் சின்ன அளவுக்கும் 7 அவுன்ஸ் போதும். இரண்டடிக்கு மேல் போனாலோ, கத்தியால் பெயின்டை அப்பி வேலை செய்வதானாலோ 10 அல்லது 12 வேண்டும்.

எண்ணைவிட நம்பகமான சோதனை வெளிச்சம். கேன்வாஸைக் குழல்விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசி குத்தியதுபோல் ஒளிப்புள்ளிகள் தெரிந்தால் நெசவு தளர்வு, பூச்சும் போதவில்லை. ஆயில் பெயின்ட் தீட்டினால் அந்தத் துளைகள் வழியே எண்ணெய் இறங்கிப் பின்பக்கம் மஞ்சள் கறை கட்டும். அப்படியே உள்ளங்கையால் முன்பக்கம் முழுவதையும் ஒருமுறை தடவுங்கள். நூல் முடிச்சுகள் கையில் தட்டுப்படும். கடல் வரைகிறவருக்கு அது பொருட்டில்லை. முகம் வரைகிறவருக்கு முடிச்சு கன்னத்தில் வந்து நிற்கும்.

‘லினன் ஃபினிஷ்’ என்று எழுதியிருப்பதெல்லாம் லினன் அல்ல. பல சமயம் பருத்தியோ பாலியஸ்டர் கலப்போதான். சந்தேகம் இருந்தால் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். லினனும் பருத்தி மாதிரியே எரியும் என்பதால் அந்த இரண்டையும் இந்தச் சோதனை பிரித்துக் காட்டாது. அங்கே லினனுக்கே உரிய பழுப்பு நிறத்தையும், ஒரே சீராக இல்லாத நூல் தடிமனையும் கண்ணால்தான் பார்க்க வேண்டும். பாலியஸ்டர் கலந்தது மட்டம் என்றும் நினைக்க வேண்டாம். ஈரக்காற்றுக்கு அது பருத்தி அளவுக்குத் தொய்வதில்லை. லினன் விலை கொடுத்து அதை வாங்குவதுதான் தவறு.

பெயின்டுக்குப் பொருந்தாத பூச்சு

வெறும் காடா துணியை இழுத்துக்கட்டி நேரடியாக ஆயில் பெயின்ட் தீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் சில வருடங்கள் ஒன்றும் தெரியாது. ஆயில் பெயின்டில் இருக்கும் ஆளிவிதை எண்ணெய் காய்வது தண்ணீர் வற்றுவதைப் போன்றதல்ல. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து இறுகுவது. அப்போது உண்டாகும் அமிலம் நூலை அரித்து, துணியை மொறுமொறுப்பாக்கிவிடும். அதனால் எண்ணெய்க்கும் துணிக்கும் நடுவே தடுப்பு வேண்டும். முதலில் அக்ரிலிக் மீடியமோ, ஓவியத்துக்கென்றே விற்கும் பிவிஏ சைஸோ (துணியின் துளைகளை அடைக்கும் பசை) இரண்டு கோட். காய்ந்ததும் அக்ரிலிக் ஜெசோ என்ற வெள்ளைப் பூச்சு இரண்டு மூன்று கோட். ஒரு கோட் குறுக்காக, அடுத்தது நெடுக்காக. தண்ணீர் கலப்பதானால் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்கு. அதற்கு மேல் நீர்த்தால் பூச்சு பிடிப்பு இழந்து மாவுபோல் உதிரும். அக்ரிலிக் தீட்ட ஒரு நாள் காயவிட்டால் போதும், ஆயிலுக்கு மூன்று நாள் விடுங்கள்.

கடையில் ரெடியாகக் கிடைப்பவை பெரும்பாலும் அக்ரிலிக் ஜெசோ பூசியவை. ஆயில், அக்ரிலிக் இரண்டுக்கும் ஆகும். ‘ஆயில் பிரைம்டு’ (எண்ணெய் கலந்த பூச்சு போட்டது) என்று குறித்திருந்தால் அதில் அக்ரிலிக் தீட்டக் கூடாது. ஒட்டியதுபோல் இருந்துவிட்டுப் பிறகு தோலாக உரியும். வாட்டர்கலருக்கு இந்த இரண்டுமே உதவாது, தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்து ஓடும். அதற்கென்று உறிஞ்சும் தன்மையுள்ள பூச்சு தனியாக உண்டு.

மலிவான கேன்வாஸ் சிலவற்றில் பூச்சு பிளாஸ்டிக் போல வழவழக்கும், தூரிகை சறுக்கும். தூக்கிப்போட வேண்டாம். 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசியைத் துடைத்து, ஒரு கோட் ஜெசோ கொடுத்தால் சரியாகிவிடும். பூச்சு போதுமா என்று தெரிய, ஓரத்தில் ஒரு சொட்டு ஆளிவிதை எண்ணெய் விட்டு மறுநாள் பின்பக்கம் பாருங்கள். கறை தெரிந்தால் இன்னும் ஒரு கோட் பாக்கி.

ஜெசோவுக்குப் பதில் சாக் பவுடரையும் ஃபெவிகாலையும் குழைத்துப் பூசுவது நம் ஊரில் சகஜம். தஞ்சாவூர் ஓவியத்தில் அது நிற்கிறதே என்பார்கள். நிற்கிறதுதான், ஆனால் அங்கே துணியைப் பலகைமேல் ஒட்டி, அதன் மேல்தான் சுண்ணப் பூச்சும், நகைகளைப் புடைப்பாக எழுப்பும் மக்கு என்ற கலவையும் ஏறுகின்றன. பலகை வளையாது, அதனால் பூச்சும் வெடிக்காது. சட்டத்தில் இழுத்துக்கட்டிய துணியில் அதே கலவையைப் பூசிவிட்டுப் பின்னாலிருந்து கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினால் போதும், விரிசல் விழுந்துவிடும்.

சட்டத்தைப் பார்க்காமல் எடுப்பது

18க்கு 24 அங்குலக் கேன்வாஸ் என்றால் மூலைக்கு மூலை குறுக்காக அளந்தால் இரண்டு பக்கமும் சரியாக 30 அங்குலம் வர வேண்டும். கால் அங்குலம் வித்தியாசம் வந்தாலே சட்டம் கோணல். பிரேம் போடுகிற இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். அடுத்து, சமமான மேஜையில் படுக்கவைத்து மூலைகளை ஒவ்வொன்றாக அழுத்துங்கள். ஏதாவது ஒரு மூலை ஆடினால் கட்டை முறுக்கிக்கொண்டிருக்கிறது. அதை நிமிர்த்த முடியாது.

பலரும் கவனிக்காத இடம் கட்டையின் உள்விளிம்பு. துணி கட்டையின் வெளிவிளிம்பில் மட்டும் பட வேண்டும், உள்பக்கம் சாய்வாகச் சீவி இறக்கியிருக்க வேண்டும். பின்பக்கமிருந்து ஒரு விசிட்டிங் கார்டைத் துணிக்கும் கட்டைக்கும் நடுவே செருகிப் பாருங்கள், தடையில்லாமல் போக வேண்டும். போகாவிட்டால், தூரிகை அழுந்தும்போதெல்லாம் கட்டையின் விளிம்பு துணியில் பதியும். ஓவியம் முடிந்தபின் நான்கு ஓரத்திலும் சட்டம்போல ஒரு கோடு தெரிவது இதனால்தான். அதை எந்தப் பெயின்டாலும் மறைக்க முடியாது.

ஏதாவது ஒரு பக்கம் 30 அங்குலத்தைத் தாண்டினால் நடுவில் குறுக்குக்கட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பிரேம் போடாமல் மாட்டப்போகிறீர்கள் என்றால் ஒன்றரை அங்குலக் கனமுள்ள கட்டையும், பின்பக்கம் ஸ்டேப்ளர் பின் அடித்ததும் வேண்டும். பக்கவாட்டில் பின் அடித்திருந்தால் சுவரில் மாட்டியதும் அதுதான் முதலில் கண்ணில் படும்.

ஆப்பு இல்லாத மூலை

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பருத்தித் துணி தொய்வது இயல்பு. அதற்காகத்தான் மூலைக்கு இரண்டு வீதம் எட்டு மர ஆப்புகள் கொடுக்கிறார்கள். அட்டைத் துண்டு ஒன்றைத் துணிக்கும் கட்டைக்கும் நடுவே வைத்துக்கொண்டு, எட்டையும் ஒரே அளவாக மெல்லத் தட்டினால் சட்டம் விரிந்து துணி இறுகும். மலிவுச் சட்டங்களில் மூலையைப் பசை போட்டு ஆணியும் அடித்திருப்பார்கள். அங்கே ஆப்பு செருகினாலும் பயனில்லை, மூலை அசையாது. பெரிய அளவில், நாள்பட வைத்திருக்கப்போகும் ஆயில் ஓவியத்துக்கு இந்த வகையை எடுக்கவே வேண்டாம்.

தொய்ந்தால் பின்னால் தண்ணீர் தெளி என்பார்கள். அக்ரிலிக் ஓவியத்துக்கு மெல்லிய தெளிப்பு பரவாயில்லை, காய்ந்ததும் இறுகும். அடுத்த மழைக்கு மறுபடி தொய்யும். ஆயில் ஓவியத்துக்கு இதைச் செய்யாதீர்கள். துணி நனைந்து சுருங்குகிற வேகத்துக்கு இறுகிப்போன பெயின்ட் ஈடுகொடுக்காது, வெடித்துவிடும்.

ரோலாக வாங்கும்போது

பூச்சுப் போட்ட துணியைப் புடவைபோல மடித்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். மடிப்பில் பூச்சு உடைந்திருக்கும், இழுத்துக்கட்டினாலும் கோடு போகாது. சுருட்டித்தான் கொடுக்கச் சொல்ல வேண்டும். ஓவிய அளவுக்கே துணி வெட்டி வாங்கிவிட்டு, கட்டைமேல் திருப்ப இடமில்லாமல் தவிப்பதும் நடக்கிறது. ஒன்றரை அங்குலக் கட்டைக்கு ஒவ்வொரு பக்கமும் மூன்றரை அங்குலம் கூடுதலாக வேண்டும். அதாவது 24க்கு 30 சட்டத்துக்கு 31க்கு 37 துணி. முக்கால் அங்குலக் கட்டையானால் பக்கத்துக்கு இரண்டரை அங்குலம் போதும்.