ஆங்கில வகுப்பில் ஏழு நிமிட எழுத்து: தொடங்குவது எப்படி?

தரம் 10 பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் டியூஷனில் பாடமாக்கிய ‘எனது பாடசாலை’தான் வரும். சாதாரண தரப் பரீட்சையில் தலைப்பு சற்றே மாறினால் பேனா நின்றுவிடும். மட்டக்களப்பில் என் வகுப்பில் பலன் தந்த முறை இது.

முதலில் ஆளுக்கொரு 80 பக்கக் கொப்பி. சி.ஆர். கொப்பி வேண்டாம், அதன் பெரிய பக்கத்தைக் கண்டாலே பிள்ளைகள் மலைத்துப்போகிறார்கள். பென்சிலுக்கும் தடை, அழிப்பதிலேயே நேரம் போய்விடும். கொப்பிகள் வகுப்பு அலுமாரியில் இருக்கட்டும். வீட்டுக்குப் போனால் அக்காமாரின் ஆங்கிலம்தான் திரும்பி வரும்.

பாடவேளையின் முதல் ஏழு நிமிடம் எழுத்துக்கு. கடைசியில் வைத்தால் மணி அடித்துவிடும்.

தலைப்பு, பாடமாக்க முடியாததாக இருக்க வேண்டும். ‘மாரியில் உங்கள் வளவுக்குள் வெள்ளம் எந்தப் பக்கத்தால் வரும்?’, ‘மாலையில் கல்லடிப் பாலத்தில் யார் யார் நிற்கிறார்கள்?’ இவற்றுக்கு எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் விடை கிடையாது.

அடுத்தது திருத்தம். பலர் கைவிடுவது இங்கேதான். நாற்பது கொப்பியையும் சிவப்புப் பேனாவால் திருத்தினால் நீங்கள் இரண்டு வாரத்தில் களைத்துவிடுவீர்கள். பிள்ளையும் பிழை வராத மூன்று வசனங்களுக்குள் ஒளிந்துகொள்ளும். நாளுக்கு எட்டுக் கொப்பி எடுங்கள், ஐந்து நாளில் ஒரு சுற்று முடியும். பிழையைத் தொடாமல், வாசகராக ஒன்றிரண்டு கேள்வி மட்டும் எழுதுங்கள். ‘மை ஃபாதர் கோ லகூன் நைட்’ என்று ஒருவன் எழுதியிருந்தான். ‘வாவியில் என்ன பிடிப்பார்? விடிந்ததும் யாரிடம் விற்பார்?’ என்று எளிய ஆங்கிலத்தில் கேட்டேன். மறுநாள் இறால், வலை, விலை பேசும் வியாபாரி என்று அரைப் பக்கம் வந்தது.

அப்படியானால் இலக்கணம்? எட்டுக் கொப்பியிலும் அதிகம் வந்த ஒரே ஒரு பிழையைப் பெயர் சொல்லாமல் கரும்பலகையில் எழுதி, வகுப்பே திருத்தட்டும். ‘கோ’, ‘கோஸ்’ சிக்கலை அன்றைக்கு அப்படித்தான் எடுத்தோம். கொப்பிக்குப் புள்ளி (மதிப்பெண்) போடாதீர்கள். புள்ளி வந்தால் பார்த்தெழுதலும் வரும்.

பிற்சேர்க்கை: சொல் தெரியாமல் நின்றுவிடும் பிள்ளையை என்ன செய்வது என்று அக்கரைப்பற்று ஆசிரியை ஒருவர் கேட்டிருந்தார். அந்த இடத்தில் தமிழிலேயே எழுதிக் கோடிட்டுவிட்டு மேலே போகட்டும். அகராதி ஏழு நிமிடம் முடிந்த பிறகுதான். பக்கம் வெறுமையாகவே இருந்தால், முதல் வசனத்தின் பாதியை நீங்களே பலகையில் எழுதிவிடுங்கள்.